உட்கட்சிச் சண்டையில் வீசிய சேறு நவம்பர் வரை ஒட்டுமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "அமெரிக்காவில் ஒரே கட்சிக்காரர்கள் அதிபர் வேட்பாளர் ஆவதற்காக ஒருவரை ஒருவர் இவ்வளவு மோசமாகத் தாக்கிக்கொள்கிறார்கள். 2008-ல் ஹிலாரி கிளிண்டனும் ஒபாமாவும் ஐந்து மாதம் மோதினார்கள். இப்படிச் செய்தால் பொதுத்தேர்தலில் கட்சி ஜெயிக்கும் வாய்ப்பு கெட்டுப்போகாதா? ஜெயிக்க வழியில்லை என்று தெரிந்த பிறகும் ஹிலாரி விலகாமல் நின்றது சரியா?"

நீங்கள் சொன்ன 2008-ஐயே மையமாக வைத்துப் பதில் சொல்கிறேன். இந்த விஷயத்தில் அதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. முதலில் என் கருத்து: உட்கட்சித் தேர்தலில் வரும் தாக்குதல்களில் பெரும்பாலானவை நவம்பரில் நடக்கும் பொதுத்தேர்தலைக் கெடுப்பதில்லை. சில நல்லதும் செய்கின்றன. ஆனால் ஒரு வகைத் தாக்குதல் மட்டும் கட்சிக்கே துரோகம் என்று சொல்லும் அளவுக்குத் தீங்கானது. "இவர் செய்தது தப்பு" என்று சொல்வதை நான் குறை சொல்ல மாட்டேன். "இவரைவிட எதிர்க்கட்சி வேட்பாளர் மேல்" என்பதும், "இன்ன மக்கள் இவருக்கு ஓட்டுப் போட மாட்டார்கள்" என்பதும்தான் அந்த வகை. 2008-ல் இரண்டும் நடந்தன. ஏன் நடந்தன என்பதற்குத் தேர்தல் கணக்கில்தான் விடை இருக்கிறது.

கட்சி மாநாட்டில் ஓட்டுப் போட்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் வரும் பிரதிநிதிகள். ஜனநாயகக் கட்சியில் ஒரு மாநிலத்தில் ஜெயித்தவர் அந்த மாநிலத்துப் பிரதிநிதிகள் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போக முடியாது. 15 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கிய எல்லோருக்கும் விகிதப்படி பிரித்துக் கொடுப்பார்கள். குடியரசுக் கட்சியில் அப்போது பல மாநிலங்களில் முதலிடம் பிடித்தவருக்கே மொத்தமும் போகும். அதனால்தான் ஜான் மெக்கெய்ன் மார்ச் 4-ஆம் தேதியே அந்தக் கட்சியின் வேட்பாளராகிவிட்டார். ஜனநாயகக் கட்சியில் ஒருவர் கொஞ்சம் முந்திவிட்டால் பின்னால் வருபவர் எட்டிப் பிடிப்பது ரொம்பக் கஷ்டம். ஒரு மாநிலத்தில் 54-க்கு 46 என்று ஜெயித்தாலும் கூடுதலாகக் கிடைக்கும் பிரதிநிதிகள் சொற்பம்தான்.

2008 ஜனவரி 3-ஆம் தேதி ஐயோவா காகஸில் (கட்சிக்காரர்கள் ஊர்தோறும் கூடித் தேர்ந்தெடுக்கும் கூட்டம்) ஒபாமா ஜெயித்தார். ஹிலாரி மூன்றாம் இடம். ஐந்தே நாளில் நியூ ஹாம்ப்ஷயரில் ஹிலாரி மீண்டு வந்தார். பிப்ரவரி 5 'சூப்பர் செவ்வாய்' அன்று கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் போன்ற பெரிய மாநிலங்கள் அவருக்கு, எண்ணிக்கையில் அதிக மாநிலங்கள் ஒபாமாவுக்கு. அதற்குப் பிறகு பிப்ரவரி முழுக்க நடந்த எல்லாப் போட்டிகளிலும் ஒபாமாவே ஜெயித்தார். மாத முடிவில் மக்கள் ஓட்டால் தேர்வாகும் பிரதிநிதிகளில் அவருடைய முன்னிலை நூறைத் தாண்டியிருந்தது. விகிதப்படி பங்கிடும் முறையில் அதைத் துடைக்க வேண்டுமானால், மீதி மாநிலங்களில் பெரும்பாலானவற்றை ஹிலாரி மிகப்பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். நடக்கிற காரியமில்லை.

மிச்சமிருந்த ஒரே கதவு சூப்பர் டெலிகேட்டுகள். கட்சியின் கவர்னர்கள், செனட்டர்கள், பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள், தேசியக் கமிட்டிக்காரர்கள் என்று சுமார் 800 பேர். அப்போது எந்த மாநிலத்து ஓட்டும் அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. யாரை வேண்டுமானாலும் ஆதரிக்க முடிந்தது. இந்த ஏற்பாடு வந்ததே ஒரு பயத்தால்தான். 1972-ல் ஜார்ஜ் மெக்கவர்ன் கட்சித் தொண்டர்களின் ஆதரவில் வேட்பாளராகி, பொதுத்தேர்தலில் மாசசூசெட்ஸ் மாநிலத்தையும் தலைநகர் வாஷிங்டனையும் மட்டும் வைத்துக்கொண்டு படுதோல்வி அடைந்தார். 1980-ல் கார்ட்டரும் ரீகனிடம் பெரிதாகத் தோற்றார். அரசியலில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கும் ஒரு பங்கு இருந்தால், ஜெயிக்க முடியாத ஆளைக் கட்சி தேர்ந்தெடுப்பதைத் தடுக்கலாம் என்று கட்சி அமைத்த ஹண்ட் கமிஷன் 1982-ல் பரிந்துரை செய்தது. 1984 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நவம்பரில் யார் ஜெயிப்பார் என்று பார்த்துச் சொல்வதுதான் அந்த 800 பேருக்கும் கட்சி கொடுத்திருந்த வேலை.

இப்போது ஹிலாரியின் நிலையில் இருந்து பாருங்கள். எதிராளி எண்ணிக்கையில் முன்னால் இருக்கிறார். அவரைத் தாண்டி உங்களைத் தேர்ந்தெடுக்க 800 பேரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். "என் கொள்கை மேல்" என்று சொல்லிப் பயனில்லை. இருவர் கொள்கைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயமாக்குவதா வேண்டாமா என்பதுதான் அவர்கள் விவாதித்த பெரிய வேறுபாடுகளில் ஒன்று. சொல்லக்கூடிய வாதம் ஒன்றே ஒன்று: "அவர் நவம்பரில் தோற்றுவிடுவார்." அதைச் சொன்னால் மட்டும் போதாது, நிரூபித்தும் காட்ட வேண்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் எறிந்த ஒவ்வொரு கல்லும் இரண்டு இலக்கை நோக்கிப் போனது. ஒன்று அந்தந்த மாநிலத்து வாக்காளர். மற்றொன்று, "பாருங்கள், இவரை அடித்தால் விழுகிறார்" என்று அந்த 800 பேருக்குக் காட்டுவது. எதிராளியின் பலவீனத்தைக் கண்டுபிடிப்பதும் அதை உண்டாக்குவதும் இங்கே ஒரே வேலையாகிவிடுகிறது. இதுதான் எனக்கு உறுத்தும் இடம்.

நடந்ததைத் தனித்தனியாகப் பார்த்தால்தான் எது நியாயம், எது எல்லை மீறல் என்று பிரிக்க முடியும்.

டெக்சஸ், ஒஹையோ தேர்தல்கள் மார்ச் 4-ஆம் தேதி. அதற்கு நான்கு நாள் முன்பு ஹிலாரி தரப்பு 'அதிகாலை மூன்று மணி' விளம்பரத்தை விட்டது. குழந்தைகள் தூங்குகிறார்கள், வெள்ளை மாளிகையில் தொலைபேசி மணி அடிக்கிறது, உலகில் எங்கோ ஏதோ நடக்கிறது, அந்தப் போனை யார் எடுக்க வேண்டும் என்று கேட்டு முடியும். ஒபாமாவின் பெயரே அதில் வராது. 1984 உட்கட்சிப் போட்டியில் கேரி ஹார்ட்டை எதிர்த்து வால்டர் மாண்டேல் விட்ட 'சிவப்புத் தொலைபேசி' விளம்பரத்தின் அதே உத்தி. இரண்டிலும் கை வைத்தவர் ராய் ஸ்பென்ஸ் என்ற ஒரே விளம்பரக்காரர். பலர் இதைப் பயமுறுத்தல் என்று கண்டித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. செனட்டுக்கு வந்து மூன்றே வருடமான ஒருவரிடம் அனுபவத்தைப் பற்றிக் கேட்பது நியாயமான கேள்வி. அதைவிட முக்கியம், பதில் சொல்ல முடிந்த கேள்வி அது. ஒபாமா தரப்பு உடனே பதில் விளம்பரம் விட்டது: அதே மணி அடிக்கிறது, இராக் போர் தப்பு என்று ஆரம்பத்திலேயே சொன்ன ஒரே ஆள் போனை எடுக்கட்டும். 2002 அக்டோபரில் சிகாகோவில் அவர் போரை எதிர்த்துப் பேசியதும், அதே மாதம் செனட்டில் ஹிலாரி போருக்கு அனுமதி தரும் தீர்மானத்தை ஆதரித்ததும் பதிவான உண்மைகள். ஒருவர் அனுபவத்தை வைத்தார், மற்றவர் தீர்மானிக்கும் திறனை வைத்தார். மக்கள் எடைபோட்டுக்கொண்டார்கள்.

அதே நாட்களில் ஹிலாரி சொன்ன இன்னொன்றை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. முப்படைத் தளபதியாக இருக்கும் தகுதிக்கோட்டைத் தானும் மெக்கெய்னும் தாண்டிவிட்டதாகச் சொன்னார். ஒபாமா தாண்டினாரா என்பதை அவரிடமே கேளுங்கள் என்றார். மெக்கெய்னும் நானும் வாழ்நாள் அனுபவத்தோடு வருகிறோம், ஒபாமா 2002-ல் பேசிய ஒரு பேச்சோடு வருகிறார் என்ற பொருளிலும் பேசினார். எதிர்க்கட்சி வேட்பாளரைத் தன் பக்கத்தில் நிறுத்தி, சொந்தக் கட்சிக்காரரைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தினார். ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி மாநாடு டென்வரில் கூடியபோது, மெக்கெய்ன் தரப்பு ஹிலாரியின் வாய்வார்த்தைகளையே எடுத்து விளம்பரமாக ஓட்டியது. குடியரசுக் கட்சிக்காரர்கள் எவ்வளவு செலவு செய்தாலும் தாங்களாக உண்டாக்க முடியாத ஒரு சாட்சியம் அது.

இடையில் ஒபாமா தரப்பு சுத்தம் என்று நினைக்க வேண்டாம். ஒஹையோவில் வீடு வீடாக அனுப்பிய தபால் அட்டைகளில் ஹிலாரியின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தையும், வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தம் பற்றிய அவருடைய நிலையையும் திரித்துச் சொன்னார்கள் என்று ஹிலாரி சின்சினாட்டியில் நின்று "வெட்கக்கேடு, பராக் ஒபாமா" என்று வெடித்தார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஒபாமாவின் வெளியுறவு ஆலோசகர் சமந்தா பவர் ஹிலாரியை அரக்கி என்று சொல்லிப் பதவி விலக நேர்ந்தது. ஒபாமா கறுப்பினத்தவர் என்பதால்தான் இந்த இடத்தில் இருக்கிறார் என்ற பொருளில் பேசிய ஜெரால்டின் ஃபெராரோ சில நாளில் ஹிலாரியின் நிதிக்குழுவிலிருந்து விலகினார். இப்படிப்பட்டவை இரண்டு பக்கமும் நடந்தன. தேர்தல் முடிந்ததும் மறந்தும் போயின.

மறக்காதது பாதிரியார் ஜெரமையா ரைட் விவகாரம். இதில்தான் "எப்படியும் எதிர்க்கட்சிக்காரன் சொல்லத்தான் போகிறான், இப்போதே வெளியே வரட்டும்" என்ற வாதத்தைச் சோதித்துப் பார்க்கலாம். ஒபாமா இருபது வருடம் போய்வந்த சிகாகோ தேவாலயத்தின் பாதிரியார் அமெரிக்காவைச் சபித்துப் பேசிய காட்சிகளை மார்ச் 13-ஆம் தேதி ஏபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பியது. ஐந்து நாளில் ஒபாமா ஃபிலடெல்ஃபியாவில் இனப்பிரச்சினை பற்றிப் பேசினார். கறுப்பர்களின் கோபத்தையும் வெள்ளையர்களின் மனக்குறையையும் ஒரே பேச்சில் மரியாதையோடு எடுத்து வைத்தார். ஏப்ரல் கடைசியில் ரைட் மறுபடி ஊடகங்கள் முன் பேசி நிலைமையைக் கெடுத்தபோது, மறுநாளே உறவை முறித்துக்கொண்டார். அடுத்த வாரம், மே 6-ஆம் தேதி, வட கரோலைனாவில் சுமார் 14 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். இதே காட்சிகள் அக்டோபர் நடுவில் முதல்முறையாக வந்திருந்தால்? பதில் சொல்ல அவகாசமே இருந்திருக்காது. மார்ச்சில் வந்ததால், இலையுதிர் காலத்தில் அது பழைய செய்தி ஆகிவிட்டது. மெக்கெய்னும் அதைக் கையில் எடுக்க வேண்டாம் என்று தன் ஆட்களுக்குச் சொல்லியிருந்தார். இந்த அளவில், உட்கட்சிப் போட்டி ஒபாமாவுக்கு உதவியே செய்தது.

எதிர்ப்பக்கத்து உதாரணமாக எல்லோரும் 1988-ஐச் சொல்வார்கள். நியூயார்க் பிரைமரிக்கு (மாநில அளவில் நடக்கும் உட்கட்சித் தேர்தல்) முந்தைய விவாதத்தில் அல் கோர், மாசசூசெட்ஸ் கவர்னர் மைக்கேல் டுகாகிஸிடம் அந்த மாநிலத்தின் சிறை விடுப்புத் திட்டத்தைப் பற்றிக் கேட்டார். கொலைக் குற்றவாளிகளுக்கும் வார இறுதி விடுப்பு தந்த திட்டம் அது. குடியரசுக் கட்சி வேட்பாளரான மூத்த புஷ்ஷின் தரப்பு அந்தக் கேள்வியைக் கவனித்துத் தோண்டியது. டுகாகிஸைக் கவிழ்த்த விளம்பரங்களுக்கு அது விதையானது. ஜூலை மாநாட்டுக்குப் பிறகு கருத்துக்கணிப்பில் 17 புள்ளி முன்னால் இருந்த டுகாகிஸ், நவம்பரில் பத்து மாநிலங்களையும் தலைநகரையும் மட்டுமே பிடித்தார். "பார், கோர் எடுத்துக் கொடுத்த கத்தி" என்பார்கள். நான் அதை ஏற்பதில்லை. அந்தத் திட்டத்தைப் பற்றி மாசசூசெட்ஸின் லாரன்ஸ் நகரத்து நாளிதழ் விரிவாக எழுதி, அதற்காக அந்த வருடமே புலிட்சர் பரிசும் வாங்கியிருந்தது. ஊருக்கே தெரிந்த சங்கதி. கோர் கேட்டபோது டுகாகிஸுக்குக் கிடைத்தது ஓர் எச்சரிக்கை. அப்போதே நல்ல பதிலைத் தயார் செய்திருந்தால் செப்டம்பரில் கைகொடுத்திருக்கும். ஏப்ரலிலும் அவரிடம் சரியான பதில் இல்லை, அக்டோபரிலும் இல்லை. ஒபாமா மார்ச்சில் செய்ததை டுகாகிஸ் ஏப்ரலில் செய்யாமல் விட்டதுதான் இரண்டு வருடத்துக்கும் வித்தியாசம்.

2012-ல் மிட் ராம்னிக்கும் இதுவே நேர்ந்தது. கம்பெனிகளை வாங்கி ஆட்களை வேலையை விட்டு அனுப்பியவர் என்று முதலில் ஓங்கி அடித்தவர்கள் அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களான நியூட் கிங்ரிச்சும் ரிக் பெர்ரியும்தான். அதே வாதத்தைக் கோடைக்காலத்தில் ஒபாமா தரப்பு எடுத்துக்கொண்டது. அதற்குள் ராம்னிக்கு ஆறு மாத அவகாசம் இருந்தது.

சரி, தாக்கினால் ஓட்டு கிடைக்குமா? பலரும் நினைக்கிற அளவுக்குக் கிடைக்காது. ரிச்சர்ட் லாவ், லீ சிகெல்மன் முதலிய அரசியல் அறிவியலாளர்கள் 2007-ல், இதுபற்றி அதுவரை வெளிவந்த 111 ஆய்வுகளைத் திரட்டி மொத்தமாக அலசினார்கள். எதிர்மறைப் பிரசாரம் மனதில் நன்றாகப் பதிகிறது, ஆனால் தாக்கியவருக்கு ஓட்டாக மாறுகிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்பதே அவர்கள் கண்டது. தாக்கப்பட்டவர் மேல் மதிப்புக் குறைகிறது. தாக்கியவர் மேலும் குறைகிறது.

பிரைமரியில் இதற்கு இன்னொரு பரிமாணம் உண்டு. களத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து விளைவு மாறும். 2004 ஐயோவாவில், ஜனநாயகக் கட்சிப் போட்டியில் ஹோவர்ட் டீனும் டிக் கெபார்ட்டும் முன்னணியில் இருந்தார்கள். தொலைக்காட்சியில் ஒருவர் மேல் ஒருவர் மாறி மாறிச் சேற்றை இறைத்தார்கள். ஐயோவாவுக்கு வெளியே, டீனுக்கு எதிராக ஒரு வெளிக்குழு ஒசாமா பின் லேடன் படத்தைக் காட்டியே விளம்பரம் செய்தது. ஜனவரி 19 இரவு எண்ணி முடித்தபோது ஜான் கெர்ரி 38 சதவீதம், ஜான் எட்வர்ட்ஸ் 32, டீன் 18, கெபார்ட் 11. இருவருடைய சண்டையைப் பார்த்து அலுத்துப்போன மக்கள், ஒதுங்கி நின்ற வேறு இருவரிடம் போய்விட்டார்கள். கெபார்ட் மறுநாளே விலகினார்.

2000-ல் தென் கரோலைனாவில் குடியரசுக் கட்சிக்குள் நடந்தது நேர்மாறு. நியூ ஹாம்ப்ஷயரில் மகன் புஷ்ஷைப் பெரிய வித்தியாசத்தில் வீழ்த்திவிட்டு மெக்கெய்ன் வந்தார். அவர் குடும்பம் பங்களாதேஷிலிருந்து தத்தெடுத்து வளர்த்த சிறுமியைக் காட்டி, அவருக்கு முறைகேடாகப் பிறந்த கறுப்பினக் குழந்தை என்று துண்டறிக்கையிலும் தொலைபேசியிலும் வதந்தி பரப்பினார்கள். புஷ் தரப்பு தனக்குத் தொடர்பில்லை என்றது. ஆத்திரத்தில் மெக்கெய்ன், புஷ்ஷும் பில் கிளிண்டனைப் போல உண்மையைத் திரிக்கிறார் என்று விளம்பரம் விட்டார். குடியரசுக் கட்சி வாக்காளரிடம் அதைவிடக் கெட்ட வார்த்தை அன்றைக்கு வேறில்லை. அது அவரையே திருப்பி அடித்தது, விளம்பரத்தை நிறுத்தினார். 53-க்கு 42 என்று தோற்றார். அங்கே களத்தில் உருப்படியாக இருந்தவர்கள் இருவரே. வெறுத்துப்போன வாக்காளர் போய்ச் சேர மூன்றாவது இடம் இல்லை. இவ்வளவு அசிங்கமான ஒரு வேலை பலித்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு குழந்தையின் நிறத்தை ஓட்டுக்காகப் பயன்படுத்தியதை எந்தத் தேர்தல் கணக்கை வைத்தும் நான் நியாயப்படுத்த மாட்டேன். 2008-லும் எட்வர்ட்ஸ் ஜனவரி கடைசியில் விலகிய பிறகு களம் இருவருடையதாகிவிட்டது. அடிக்கத் தயங்க வேண்டிய காரணம் இரண்டு பக்கமும் குறைந்துபோனது அதனால்தான்.

இனி 'ஜெயிக்கக்கூடிய ஆள்' என்ற வாதம். 2004-ல் ஜனநாயகக் கட்சி வாக்காளர்கள் கெர்ரியைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணமே இதுதான். வியட்நாம் போரில் பதக்கம் வாங்கியவர், புஷ்ஷை எதிர்த்து நிற்க ஏற்றவர் என்று நினைத்தார்கள். ஆகஸ்டில் எதிர்த்தரப்பு ஆதரவாளர்கள் அந்தப் போர்ச் சேவையையே பொய் என்று தாக்கினார்கள். கெர்ரி தோற்றார். பலம் என்று எதை நம்பி எடுத்தார்களோ, அதிலேயே அடி விழுந்தது.

2008-ல் இந்த வாதத்துக்கு வேறொரு முகம் இருந்தது. 2007-ல் பல மாதங்கள், கறுப்பின வாக்காளர்களில் பலர் ஹிலாரி பக்கம் இருந்தார்கள். ஒபாமாவைப் பிடிக்காமல் இல்லை. வெள்ளையர்கள் அவருக்கு ஓட்டுப் போட மாட்டார்கள், நம் ஓட்டு வீணாகிவிடும் என்ற பயம். கிட்டத்தட்ட முழுக்க வெள்ளையர்கள் வாழும் ஐயோவாவில் அவர் ஜெயித்ததும் அந்தப் பயம் கரைந்தது. மூன்று வாரத்தில் தென் கரோலைனாவில் ஹிலாரியைப் போல இரண்டு மடங்கு ஓட்டு வாங்கினார். "மற்றவர்கள் இவரை ஏற்க மாட்டார்கள்" என்ற பேச்சுக்கு வாயால் பதில் சொல்ல வழியே கிடையாது. எவ்வளவு நல்ல பேச்சாளராக இருந்தாலும் முடியாது. ஜெயித்துக் காட்டுவது ஒன்றுதான் பதில். அதனால்தான் இந்த வகைத் தாக்குதல் மற்றவற்றைவிடக் கொடியது. ஐயோவா மட்டும் ஒபாமாவின் கையை விட்டுப் போயிருந்தால், அந்தச் சந்தேகம் தன்னைத் தானே உண்மையாக்கிக்கொண்டிருக்கும்.

மே 6-க்குப் பிறகு ஹிலாரி எடுத்தது இதே ஆயுதத்தைத்தான். யுஎஸ்ஏ டுடே பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், உழைக்கும் அமெரிக்கர்கள், வெள்ளை அமெரிக்கர்களிடம் ஒபாமாவின் ஆதரவு சரிந்துகொண்டிருக்கிறது என்றார். அவர் சுட்டிய புள்ளிவிவரம் பொய்யில்லை. ஒரு வாரத்தில் மேற்கு வர்ஜீனியாவில் 67-க்கு 26 என்று அவரே ஜெயித்தும் காட்டினார். ஆனால் ஒரு கட்சித் தலைவர், கறுப்பினத்தைச் சேர்ந்த முதல் வேட்பாளர் ஆகும் வாய்ப்பில் இருக்கும் ஒருவரைப் பற்றி, வெள்ளையர் ஓட்டு இவருக்கு விழாது, ஆகவே என்னை எடுங்கள் என்று வெளிப்படையாக வாதிட்டது எனக்கு இன்றும் ஏற்க முடியாதது. ஏப்ரலில், பென்சில்வேனியாவில் பின் லேடனைக் காட்டி அவர் விட்ட விளம்பரத்துக்குப் பிறகு, அவரை ஆதரித்துத் தலையங்கம் எழுதியிருந்த நியூயார்க் டைம்ஸே அவருடைய பிரசாரம் தாழ்ந்துவிட்டது என்று கண்டித்து எழுதியது. அந்தக் கண்டிப்பு மே மாதத்துப் பேட்டிக்கு இன்னும் பொருத்தம்.

அந்த வாதம் உண்மையாவது ஆனதா? முடிவுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பென்சில்வேனியா பிரைமரியில் ஒபாமா சுமார் 9 புள்ளியில் தோற்றார். நவம்பரில் அங்கே மெக்கெய்னை 10 புள்ளியில் வென்றார். ஒஹையோ பிரைமரியில் தோற்றார், நவம்பரில் வென்றார். இண்டியானாவில் ஹிலாரியிடம் நூலிழையில் தோற்றார். 1964-க்குப் பிறகு எந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளரும் பிடிக்காத அந்த மாநிலத்தை நவம்பரில் நூலிழையில் பிடித்தார். மேற்கு வர்ஜீனியா மட்டும் இரண்டு முறையும் கைவிட்டது. அதிபரை முடிவு செய்யும், மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்தல் வாக்குகளில் ஒபாமாவுக்கு மொத்தம் 365, மெக்கெய்னுக்கு 173. பிரைமரியில் ஹிலாரிக்கு ஓட்டுப் போட்டவர் நவம்பரில் ஒபாமாவுக்குப் போட மாட்டார் என்று எடுத்துக்கொண்டதுதான் அந்த வாதத்தின் அடிப்படைத் தவறு. மார்ச் மாதக் கேலப் கணிப்பில் ஹிலாரி ஆதரவாளர்களில் 28 சதவீதம் பேர் மெக்கெய்னுக்குப் போடுவோம் என்றார்கள். நவம்பரில் ஹிலாரியை ஆதரித்திருந்த ஜனநாயகக் கட்சியினரில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் ஒபாமாவுக்கே போட்டார்கள். செப்டம்பரில் லீமன் பிரதர்ஸ் வங்கி கவிழ்ந்து பொருளாதாரம் ஆட்டம் கண்டது அவருக்குப் பெரிய உதவி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அது இல்லாமல் இண்டியானா கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

காயம் ஆறியதில் ஹிலாரிக்கும் பெரிய பங்கு உண்டு. ஜூன் 7-ஆம் தேதி விலகி முழு ஆதரவு தந்தார். அந்த மாதக் கடைசியில், பிரைமரியில் இருவருக்கும் சரியாக 107 ஓட்டு விழுந்திருந்த நியூ ஹாம்ப்ஷயரின் யூனிட்டி என்ற சிற்றூரில் ஒரே மேடையில் நின்றார்கள். டென்வர் மாநாட்டில் வாக்கெடுப்பை நடுவில் நிறுத்தி, ஒபாமாவை ஒருமனதாகத் தேர்ந்தெடுக்க முன்மொழிந்தவரும் அவரே. தாக்கியவரே வந்து கைகோத்தால், தாக்குதலின் வலு பெருமளவு போய்விடுகிறது. நம் வம்சாவளியோடு தொடர்புள்ள உதாரணமும் உண்டு. சென்னையில் பிறந்து அமெரிக்கா போன சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், 2019 ஜூன் விவாதத்தில் ஜோ பைடனைப் பள்ளிப் பேருந்துப் பிரச்சினையில் நேருக்கு நேர் தாக்கினார். கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் சேர்க்கப் பேருந்தில் அனுப்பிய திட்டத்தை பைடன் அந்தக் காலத்தில் எதிர்த்ததைப் பற்றியது. கணிப்புகளில் சில வாரம் ஏறினார். அந்த டிசம்பரிலேயே போட்டியிலிருந்து விலகினார். அடுத்த ஆகஸ்டில் பைடன் அவரையே துணை அதிபர் வேட்பாளராக எடுத்தார். அவர் தாக்கியது பைடனின் பழைய நிலைப்பாட்டை. பைடன் ஜெயிக்க மாட்டார் என்றோ, டிரம்ப் அவரைவிட மேல் என்றோ சொல்லவில்லை. திரும்பி வரும் பாதை அதனால்தான் திறந்திருந்தது.

கடைசியாக, ஹிலாரி விலகியிருக்க வேண்டுமா என்ற கேள்வி. வேண்டியதில்லை என்பதே என் உறுதியான கருத்து. சுமார் ஒரு கோடியே எண்பது லட்சம் பேர் அவருக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள். ஜூன் 3-ஆம் தேதி கடைசிப் போட்டி வரை நிற்பது அவர் உரிமை. அவர் நின்றதால்தான், வழக்கமாக மே மாதத்தில் யாருமே எட்டிப் பார்க்காத இண்டியானாவிலும் வட கரோலைனாவிலும் இரண்டு அணிகளும் அலுவலகம் திறந்து, தொண்டர்களைத் திரட்டி, புதிய வாக்காளர்களைப் பதிவு செய்தன. பிப்ரவரியிலேயே போட்டி முடிந்திருந்தால் அந்த இரண்டு மாநிலங்களிலும் ஒபாமாவுக்கு நவம்பரில் அவ்வளவு ஆட்படை இருந்திருக்காது. இரண்டிலும் அவர் ஜெயித்தது ஏறத்தாழ ஒரு புள்ளியிலும் அதற்குக் குறைவிலும்தான். நான் ஹிலாரியைக் குறை சொல்வது மார்ச் மாதத்துத் தகுதிக்கோட்டுப் பேச்சுக்காகவும் மே மாதத்து யுஎஸ்ஏ டுடே பேட்டிக்காகவும் மட்டுமே. அவை இரண்டும் இல்லாமலேயே அவர் ஜூன் வரை நின்றிருக்க முடியும்.